பின்சீட்டு இருக்கும் தூரம்

மீட்டர்காரரின் காரில் முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே, இரண்டே வருடத்தில், ஒரு பஸ் ஸ்டாப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள அளவு இடைவெளி விழுந்துவிட்டது. வெளியே டேப் பிடித்து அளந்தால் கார் வாங்கியபோது இருந்த அதே நீளம்தான். கேட்டில் இடிக்காமல் நுழையும், பழைய இடத்திலேயே அடங்கி நிற்கும். தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரர் மட்டும் ஒருநாள் எட்டிப் பார்த்து, "எங்க வீட்ல கட்டில்லயே இப்படி ஆயிருக்கு, நீங்க என்னமோ காரைப் போய்ச் சொல்றீங்க" என்று சொல்லிவிட்டு ஊசிக்கு நூல் கோக்கப் போய்விட்டார்.

மீட்டர்காரர் என்றால் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எழுதுகிறவர். மனிதர் சொன்னால் நம்பமாட்டார். அதையே ஒரு கண்ணாடிக்குப் பின்னால் எண்ணாகக் காட்டினால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். மனைவி காய்ச்சல் என்று படுத்தால் நெற்றியில் கை வைக்கத் தோன்றாது, தெர்மாமீட்டரைத் தேடி வீட்டைக் கவிழ்ப்பார். கெட்டவர் இல்லை. நம்மில் பாதிப் பேர் அப்படித்தான், மீதிப் பேருக்குத் தெர்மாமீட்டர் கிடைக்கவில்லை.

டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட ஆரஞ்சு விளக்கு எரிந்த அன்று அவர் காரை மனைவியின் தம்பியிடம்தான் கொண்டுபோனார். தம்பி மெக்கானிக், சொந்தமாகச் சின்ன ஷெட். அக்கா உட்கார்ந்து போகிற வண்டி என்பதால் ஒருநாளும் கூலி வாங்கியதில்லை. தன்னிடமிருந்த சோதனை மெஷினை மாட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, சைலன்சர் கிட்ட இருக்கற சென்சார் போச்சு. மாத்திடலாம், சாமான் மட்டும் வாங்கிக் குடுங்க" என்றான். மீட்டர்காரர் சிரித்தார். "உன் மெஷின் உன் பேச்சைத்தானே கேக்கும், மாப்ள" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வாரம் மீட்டர் பார்க்கப் போன வீடுகளிலெல்லாம், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், மச்சான் பழைய சாமானைத் தன் தலையில் கட்டப் பார்த்த கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்துச் சொன்னார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஷெட்டுக்கு வரும் வண்டிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

சொன்னதற்குச் சாட்சி வேண்டுமே என்று அவர் சொந்தமாக ஒரு மெஷின் வாங்கப் போனார். உதிரிபாகக் கடைக்காரர் மூன்றை எடுத்து மேஜைமேல் போட்டார். கட்டைவிரல் அளவில், செருகிவிட்டு போனில் பார்ப்பது ஒன்று. ஒயரும் சின்னத் திரையுமாகக் கையில் பிடிப்பது ஒன்று. டாக்டர் கையில் இருப்பதுபோல் பெரிய தொடுதிரைப் பலகை ஒன்று. மீட்டர்காரர் நடுவிலிருந்ததை எடுத்தார், அது கிட்டத்தட்ட மீட்டர் போலவே இருந்தது. "இது குறையைச் சொல்லும், விளக்கை அழிக்கும். ஆனா சரி பண்ணாது, அத மனசுல வெச்சுக்குங்க" என்றார் கடைக்காரர். "யாரு பண்ண தப்புன்னு காட்டுமா?" "அது காட்டற மெஷின் வந்தா மொதல்ல என் கூட்டாளிக்கு மாட்டிட்டுத்தான் விப்பேன்."

வீட்டு வாசலில் வைத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் துளையில் செருகினார். ஒரு எழுத்து, நான்கு எண். கூட வந்த புத்தகத்தில் பார்த்தால், சைலன்சர் பக்கத்துச் சென்சார். மச்சான் சொன்னதே, எழுத்து பிசகாமல். அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு அழிக்கும் பொத்தானை அமுக்கினார். விளக்கு அணைந்தது. உள்ளே போய் மனைவியிடம், "பாத்தியா, வண்டியில ஒண்ணுமே இல்ல. உன் தம்பி நல்லா வருவான்" என்றார். அவள் மறுநாள் காரில் ஏறும்போது முன்கதவைத் திறக்காமல் பின்னால் போய் உட்கார்ந்தாள். "முன்னாடி உங்க டப்பா உக்காரட்டும்" என்றாள்.

அழித்த விளக்கு சில நாளில் மறுபடி எரிந்தது. அவர் மறுபடி அழித்தார். அன்று பின்சீட்டு ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது. சீட்டின் போல்ட் தளர்ந்திருக்கும் என்று முறுக்கிப் பார்த்தார், இறுக்கமாகத்தான் இருந்தது. அடுத்த தடவை அழித்தபோது, அவள் நீட்டிய தண்ணீர் பாட்டில் அவர் கைக்கு எட்டவில்லை. அதற்கடுத்த தடவைகளில் கத்திப் பேச வேண்டியிருந்தது, பிறகு ஒரே காருக்குள் போனில் பேசினார்கள், பிறகு போனில் பேசும் அளவுக்கு விஷயம் இல்லை. மீட்டர்காரர் கலங்கிப்போய்ப் பெரிய பலகையையே வாங்கி வந்து மாட்டினார். எஞ்சின், பிரேக், சீட், கதவு என்று எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு அது, குறை எதுவும் இல்லை என்று பச்சையில் காட்டியது. தகுதிச் சான்று வாங்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனபோது அதிகாரியும் பின்கதவைத் திறந்து, கண்ணுக்குமேல் கை வைத்துத் தூரத்தில் பார்த்து, இருக்கை இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு முத்திரை குத்தினார்.

அதற்குள் ஷெட்டின் ஷட்டர் நிரந்தரமாக இறங்கிவிட்டது. தம்பி கருவிகளை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு எங்கோ கிளம்பினான், அக்காவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனான். அவளோ வெளியே போய்த் திரும்பினால் பின்சீட்டிலிருந்து கதவு வரை நடந்து வந்து இறங்க நேரம் பிடித்தது. வீட்டில் மீட்டர்காரர் தனியாகச் சாப்பிட்டு, தட்டையும் கழுவியிருப்பார். ஒருநாள் மாலை அவள் அவ்வளவு தூரம் நடந்து வந்து பார்க்க வீட்டில் என்ன இருக்கிறது என்று யோசித்தாள் போலிருக்கிறது, வரவில்லை. மாற்றுச் சேலை ஏற்கெனவே பின்சீட்டில் இருந்தது.

அதன்பிறகு மீட்டர்காரர் அவளைப் பின்பார்க்கும் கண்ணாடியில்தான் பார்த்தார். கடுகளவு தெரிவாள். துணி காயப் போடுவாள், சில நேரம் யாரிடமோ சிரித்துப் பேசுவாள். ஒருநாள் காலை வெகு பின்னாலிருந்து ஒரு ஷட்டரைத் தூக்கும் சத்தமும், ஸ்பானர் கீழே விழும் சத்தமும், "அக்கா, டீ" என்ற குரலும் கேட்டன. மீட்டர்காரர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரல் அவரைக் கூப்பிடவில்லை.

அந்த வாரமே, தன்னைத் தெரியாத ஒரு ஷெட்டாகப் பார்த்துப் போய்ச் சென்சாரை மாற்றினார். விளக்கு அணைந்தது, பிறகு எரியவேயில்லை. தினமும் பின்கதவைத் திறந்து பார்த்தார். சீட்டு ஒரு விரல்கூடக் கிட்டே வரவில்லை. கடைசியில், ஒரு நெரிசலான சிக்னலில், சிவப்பு விழுந்திருந்தபோது, கண்ணாடியைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்: "உன் தம்பி சொன்னது சரிதான். மொத நாளே எனக்குத் தெரியும். நான்தான் மறைச்சேன்." பக்கத்து ஸ்கூட்டர்காரர் திரும்பிப் பார்த்தார். கடுகளவு உருவம் துணியை உதறிக்கொண்டிருந்தது.

வெயில் போய் மழை வந்து, மழையும் போனபிறகு, இன்னொரு சிக்னலில் பதில் வந்து சேர்ந்தது. வழியெல்லாம் தேய்ந்து, மெலிந்து, ஆனால் அவள் குரல்தான். "ஏங்க, என்னவோ சொன்னீங்களே, சரியா கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க."

மீட்டர்காரர் வாயைத் திறந்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள், பச்சை விழுந்திருந்தது. அந்த ஒரு வாக்கியத்தை ஒரு தடவை சொல்வதற்கே அவருக்கு இரண்டு வருடமும் ஒரு மச்சானும் ஆகியிருந்தது.

"ஒண்ணுமில்ல" என்றார்.

அந்த 'ஒண்ணுமில்ல' இப்போது பின்சீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. பாதி வழி தாண்டியிருக்கும் என்பது தையல்காரரின் கணக்கு. மீட்டர்காரர் பின்சீட்டில் சாமான் எதுவும் வைப்பதில்லை, திரும்ப எடுப்பது சிரமம். மற்றபடி சென்சார் மாற்றியதிலிருந்து வண்டி நல்ல மைலேஜ் கொடுக்கிறது.