அறுபதாவது லைஃப் ஜாக்கெட்

நான் ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் பயணிகள் படகு என் வீட்டு ஹாலில் வந்து நின்றது. வரும் என்று தெரியும். சோபாவை முன்பே நகர்த்தியிருந்தேன்.

இருபத்தேழு வருடம் நான் படகு ஆய்வாளர். பதினோரு படகுத்துறைகள், பதினோரு படகுகள், படகுக்கு அறுபது லைஃப் ஜாக்கெட். மொத்தம் அறுநூற்று அறுபது என்று வருடாவருடம் கையெழுத்துப் போட்டேன். இருந்தது அறுபதுதான். ஒரு துறையில் எண்ணி முடித்ததும் எனக்கு டீ வரும். நான் அதைக் குடிப்பதற்குள் படகுக் குத்தகைக்காரர் ஞானதிரவியத்தின் லோடு ஆட்டோ அந்த அறுபதையும் அடுத்த துறைக்குக் கொண்டுபோய்விடும். ஒரு தடவை ஒரே டீயை மூன்று நாள் குடித்தேன். ஆட்டோ பஞ்சர்.

கழுத்துப் பட்டையில் புளிக்குழம்புக் கறை உள்ள ஜாக்கெட்டை வருடத்துக்குப் பதினோரு முறை பார்ப்பேன். கடைசி வருடங்களில் அது எனக்கு வணக்கம் வைக்க ஆரம்பித்தது. நானும் வைத்தேன்.

படகில் அறுபது பேர் ஜாக்கெட் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தரையில் கணுக்கால் வரை தண்ணீர். வாசலில் ஆட்டோவோடு ஞானதிரவியம் நின்றார்.

"எண்ணிட்டியளா சார்? அடுத்த துறைக்குப் போவணும்."

"இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன்."

"டீ சொல்லட்டா?"

"வேண்டாம்."

அவர் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டார். அப்படி ஒரு பதிலை அவர் கேட்டதில்லை.

ஆய்வாளர் எண்ணி முடிக்கும்வரை எந்தத் துறையிலும் எந்தப் படகும் கிளம்பக் கூடாது. அது விதி. ஐந்து நிமிடத்தில் எண்ணிவிடுவேன் என்பதால் விதிக்கு இதுவரை வேலை வந்ததில்லை.

மெதுவாக எண்ணினேன். பத்தைத் தாண்டியபோது ஹால் நீண்டது. டிவியிலிருந்து ஃப்ரிட்ஜுக்குப் போக அரை நாள் ஆயிற்று. மற்ற துறைகளின் படகுகள் ஒவ்வொன்றாக வந்து ஜன்னல் கம்பியில் கயிற்றைக் கட்டிக்கொண்டு காத்திருந்தன. அவற்றில் யாருக்கும் ஜாக்கெட் இல்லை. ஒன்பது படகுகள் வந்தன. உப்புவெட்டித்துறைப் படகு வரவில்லை. அது போன ஆடிக் காற்றில் மூழ்கிப் போய்விட்டது. அன்று அறுபதும் வேறு துறையில் இருந்தன. அதற்கும் பூஜை அறைப் பக்கம் இடம் விட்டிருந்தேன். அங்கே மட்டும் தண்ணீர் அசையவில்லை.

சமையலறையிலிருந்து என் மனைவி விசாலம் எட்டிப் பார்த்தாள்.

"எத்தனை பேருக்குக் காப்பி?"

"எண்ணிட்டிருக்கேன்."

"நீங்க எண்ணி என்னைக்கு வெளங்கிச்சு," என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஐம்பத்தொன்பதில் வந்து நின்றேன். கடைசிப் பலகையில் கூடையோடு மீன்காரி செல்லக்கிளி மட்டும் பாக்கி. புளிக்குழம்புக் கறை அவள் கழுத்தில் இருந்தது. ஞானதிரவியம் ஆட்டோவைக் கிளப்பி வைத்தார்.

"என்ன சாரு, மீனு நாறுது. அஞ்சு நிமிசத்துல எண்ணுத ஆளுதான நீரு?"

"கணக்கு ஒத்து வரணும்மா."

"உப்புவெட்டித்துறையில எங்க அக்கா ஏறுனாளே, அதுக்கு ஒத்து வந்துச்சாக்கும்?"

"வந்துச்சு. அறுபது."

"பெறவு அவ ஜாக்கெட்டு எங்க?"

"டீ குடிச்சிட்டிருந்தேன்," என்றேன். அவள் கேட்டதற்கு அதுதான் பதில்.

அறுபது என்ற சொல் தொண்டையில் தானாக ஏறி வந்தது. இருபத்தேழு வருடப் பழக்கம். சொல்லிவிட்டால் ஆட்டோ போய்விடும், பத்துப் படகும் கிளம்பிவிடும். வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அது விரலிடுக்கில் கசிந்தது.

செல்லக்கிளி என்னையே பார்த்தாள். பிறகு ஜாக்கெட்டைக் கழற்றினாள். மடித்தாள். பலகையில் வைத்து அதன்மேல் கூடையை வைத்தாள்.

"எண்ணும்," என்றாள்.

"அம்பத்தொன்பது. ஒண்ணு குறையுது. மொதல்லேந்து எண்ணணும்."

"கூடைக்கு அடியில என்னமோ ஆரஞ்சா தெரியுதே சார்," என்றார் ஞானதிரவியம்.

நான் பார்த்தேன். கழுத்துப் பட்டை கூடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது எனக்கு வணக்கம் வைத்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றேன். பார்க்காமல் இருப்பதில் நான் இருபத்தேழு வருட அனுபவசாலி.

பூஜை அறைப் பக்கத்து அசையாத தண்ணீருக்கு முதுகைக் காட்டாமல் திரும்பி நின்றுகொண்டு, ஒன்று என்றேன்.