படக்கண்ணாடிக்குப் பதிலாக

ரிப்பேர்க்காரருடைய பட்டறையில் சர்க்கஸ்காரி முகமில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். யாரோ பெண்பிள்ளை என்று பதறிவிடாதீர்கள். அது ஒரு பழைய பின்பால் மெஷின். சாய்ந்த மேஜை போல ஒரு பெட்டி, அதற்குள் ஓடும் இரும்புக் குண்டு, அது கீழே விழாமல் தட்டி மேலே அனுப்ப இரண்டு குட்டி மட்டைகள். பெட்டியின் பின்னால் நிமிர்ந்து நிற்கும் தலையில் ஒரு படக்கண்ணாடி இருக்கும். இந்த மெஷினின் படத்தில் பாய்கிற குதிரையின் முதுகில் ஒற்றைக் காலில் நிற்கிறாள் ஒரு சிவப்புச் சட்டைக்காரி. அதனால்தான் அந்தப் பெயர். கண்ணாடியின் பின்பக்கத்தில் பெயின்டால் தீட்டிய படம் அது. பின்னால் பல்பு எரிந்தால் குதிரைக்கு உயிர் வந்துவிடும். அந்தக் கண்ணாடிதான் இல்லை. அந்த இடத்தில் ஒரு அட்டையைச் செருகி வைத்திருந்தார்.

வருஷக்கணக்கில் மூலையில் கிடந்து கெட்டும் தொலைந்தும் போன மற்றதையெல்லாம் மனுஷர் எப்படியோ தேடிப் பிடித்துவிட்டார். பாயின்ட் போடும் எண் சக்கரங்கள் மூடிக் கிடந்த ஒரு கிளப்பின் மாடிப்படிக்கு அடியில் கிடைத்தன. மட்டையை இயக்கும் காயில் ஒன்று இல்லை; அதற்கு அதே கனத்தில் கம்பி வாங்கித் தானே சுற்றினார். உடைந்த பல்சக்கரத்துக்காக ஊர் ஊராகப் போன் போட்டு, கடைசியில் கோழிக்கூண்டாகக் கிடந்த ஒரு மெஷினிலிருந்து கழற்றி வந்தார். கண்ணாடி விஷயத்தில் மட்டும் அவர் பாச்சா பலிக்கவில்லை. ஈரம் பட்டால் பெயின்ட் உரியும். போதாததற்கு, சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று பின்பக்கத்தைத் துடைத்துப் படத்தையே ஒழித்துவிடும் புண்ணியவான்கள் எங்கும் உண்டு. ஒருவன் அதே படத்தை ஸ்டிக்கராக அச்சடித்துத் தருகிறேன் என்றான். அவனை ரிப்பேர்க்காரர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

நல்ல கண்ணாடி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமலில்லை. தங்கச்சி வீட்டு ஹாலில், சோபாவுக்கு மேலே, சுவரில் தொங்கியது.

தங்கச்சியின் புருஷனும் இவரும் ஒரு காலத்தில் கூட்டாளிகள். மாப்பிள்ளை, மச்சான் என்று ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். தங்கச்சியும் சும்மா இருந்ததில்லை. உரிந்த படங்களுக்கு மெல்லிய பிரஷ்ஷால் வண்ணம் தொட்டு வைப்பது அவள் வேலை. சர்க்கஸ்காரியின் உதடு பாதி போயிருந்ததை, மூச்சைப் பிடித்துக்கொண்டு தீட்டிச் சரிசெய்ததும் அவள்தான். "பின்பக்கம் துணி படக்கூடாது, சொல்லிட்டேன்" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் மிரட்டிக்கொண்டே இருப்பாள்.

எல்லாவற்றையும் கெடுத்தது ஒரே ஒரு காயில். ரிப்பேர்க்காரர் வெளியூர் போயிருந்தபோது வாடிக்கையாளர் ஒருவர் அவசரம் என்று நின்றார். மாப்பிள்ளை சர்க்கஸ்காரியிலிருந்து காயிலைக் கழற்றி அவருக்குப் போட்டு அனுப்பிவிட்டான். ஓடுகிற மெஷினில் கைவைத்து இன்னொரு மெஷினை ஓடவைப்பது இந்தத் தொழிலில் மன்னிக்க முடியாத குற்றம். வேறு வாங்கிப் போட்டுவிடலாம் என்றுதான் அவன் நினைத்தான். ரிப்பேர்க்காரருக்கோ மூக்கு நுனியில் கோபம். வார்த்தை தடித்தது. கூட்டு உடைந்தது. பிரித்துக்கொள்ளும்போது பெட்டி இவருக்கு, கண்ணாடி அவனுக்கு என்று முடிவானது. என்ன பிரிவினை பாருங்கள்! அவனிடம் பெட்டியில்லாத கண்ணாடி, இவரிடம் கண்ணாடியில்லாத பெட்டி. இரண்டு பேருமே அதில் ஜெயித்துவிட்டதாக நினைத்தார்கள்.

அதன்பிறகு போக்குவரத்தே இல்லை. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டும் ரிப்பேர்க்காரர் அசையவில்லை. ஒருநாள் தங்கச்சியே போன் செய்தாள்.

"அண்ணா, அவர் உங்களைப் பாக்கணுங்கறார். அந்தக் கண்ணாடிய உங்க கையிலயே குடுத்துடணுமாம்."

இந்தத் தொழிலில் யாரும் யாருக்கும் ஒரு திருகாணிகூடச் சும்மா கொடுப்பதில்லை. காயில் கொடுத்தால் சக்கரம், சக்கரம் கொடுத்தால் மணி. சாமானுக்குச் சாமான்தான் வழக்கம். கொடுக்கிறேன் என்று ஒருவன் வாயைத் திறந்தால், எதையோ கேட்கப் போகிறான் என்று அர்த்தம். ரிப்பேர்க்காரரின் வாயில் யோசிக்காமலே வந்துவிட்டது.

"பதிலுக்கு என்ன வேணுமாம் அவனுக்கு?"

 "கேட்டுச் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டாள் தங்கச்சி.

பேரம் ஆரம்பித்துவிட்டது என்று மனுஷருக்கு ஒரே குஷி. மாப்பிள்ளை எதைக் கேட்பான் என்று கணக்குப் போட்டு, ஒரு மரப்பெட்டியில் சாமான்களை எடுத்து வைத்தார். மூன்று மணிகள் கொண்ட ஓசைப்பெட்டி, ஒரு நல்ல மோட்டார், சுற்றிவைத்த காயில்கள். ஒவ்வொன்றையும் துடைத்துப் பளபளப்பாக்கினார். "ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்தா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று சம்சாரம் கேட்டாள். "முதல்ல அவன் வாயத் திறக்கட்டும், நான் போய் நின்னா எளப்பமாயிடும்" என்றார். வீம்பு! அந்த வீம்பை எந்தக் கடையில் வாங்கினாரோ.

அடுத்து வந்த போன் சாவுச் செய்தி.

போனார். போகாமல் இருக்க முடியுமா? சுவரோரமாக ஆண்களோடு நின்றார். அழுகையும் வந்தது, அது பொய்யில்லை. ஆனால் அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர், சோபாவுக்கு மேலே பார்த்தார். சிவப்புச் சட்டைக்காரி ஒரு பொட்டு உரியாமல் அப்படியே இருந்தாள். பார்வையை இறக்கியபோது தங்கச்சி இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

சில வாரங்கள் கழித்து அவளே கூப்பிட்டாள். "கண்ணாடிய வந்து எடுத்துட்டுப் போங்கண்ணா."

ரிப்பேர்க்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. வெறுங்கையோடு போகக் கூடாது என்று மரப்பெட்டியையும் வேனில் ஏற்றிக்கொண்டார். தங்கச்சி வீட்டில் நுழைந்ததும் தின்னர் வாடை குப்பென்று அடித்தது.

"கதவுக்குப் பெயின்ட் அடிச்சியா?"

"இல்லண்ணா. வீட்டச் சுத்தம் பண்ணினேன்."

கம்பளியில் சுற்றி, நாலாபக்கமும் டேப் ஒட்டி, கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். கட்டிய நேர்த்தியைப் பார்த்து, தொழில் தெரிந்தவள் தொழில் தெரிந்தவள்தான் என்று இவர் மனசுக்குள் மெச்சிக்கொண்டார். மரப்பெட்டியை அவள் காலடியில் வைத்தார்.

"இது எதுக்கு?"

"சும்மா வாங்கிட்டுப் போனா எப்படி? வித்தாலும் உனக்கு உதவும்."

"எடுத்துட்டுப் போங்கண்ணா. பதிலுக்கு எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

அவள் குரலில் கோபமே இல்லை. அதையாவது கவனித்திருக்கலாம். மனுஷர்தான் கண்ணாடியைத் தூக்கும் அவசரத்தில் இருந்தாரே. அவன் கடைசியில் எப்படி இருந்தான், வலி இருந்ததா, ஏதாவது பேசினானா, எதையும் கேட்கவில்லை. காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மரப்பெட்டியையும் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வழியெல்லாம் வேன்காரரை நச்சரித்தார். "மெதுவாப் போப்பா, பிள்ளைத்தாச்சிய வச்சு ஓட்டுற மாதிரி ஓட்டு." பட்டறைக்கு வந்து அட்டையை உருவி எறிந்தார். டேப்பைக் கிழித்தார். கம்பளியை விலக்கினார்.

கம்பளியின் மறுபாதிதான் தெரிந்தது. கண்ணாடி வழியாக. குதிரையும் இல்லை, சட்டைக்காரியும் இல்லை. எங்கோ ஒரு மூலையில் மட்டும் நகக்கண் அளவுக்குச் சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.  தங்கச்சிக்குப் போன் போட்டார்.

"என்ன பண்ணி வச்சிருக்கே? பின்பக்கத்தயா தொடச்சே?"

"ஆமாண்ணா. படம் பின்பக்கம்தானே இருக்கும். எனக்குத் தெரியாதா?"

"அடிப் பாவி! அந்த உதட்ட நீதானேடி வரைஞ்சே!"

"அத அழிக்கத்தான் ரொம்ப நேரமாச்சு" என்றாள். "பதிலுக்கு என்ன வேணும்னு கேட்டீங்களே, அத அவர்கிட்ட சொன்னேன். சிரிச்சார். 'மச்சான் வந்து கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காரட்டும், அதான் பதிலுக்கு'ன்னார். உங்களுக்குச் சொல்லலாம்னு போன எடுத்தேன். கூடப் பொறந்தவன வரவைக்க வெல சொல்லணுமான்னு வச்சுட்டேன். தப்புதான். சொல்லியிருக்கணும். கடைசி நாள் வரைக்கும் வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா 'மச்சானா பாரு'ம்பார்."

ரிப்பேர்க்காரர் மூலையில் ஒட்டியிருந்த சிவப்பின் மேல் விரலை வைத்தார். 

"கண்ணாடிய உங்ககிட்ட குடுத்துடுன்னு சொல்லிட்டுத்தான் போனார். குடுத்துட்டேன். இனிமே என் வீட்டுல உங்க சாமான் எதுவும் இல்லண்ணா."

போனை வைத்துவிட்டாள்.

 வேறு என்ன செய்வதென்று தெரியாமல் ரிப்பேர்க்காரர் கண்ணாடியைத் தூக்கி மெஷினின் தலையில் பொருத்தினார். அளவு அச்சாக இருந்தது. சுவிட்சைப் போட்டார். பல்புகள் எல்லாம் எரிந்தன. வயர்களும் எண் சக்கரங்களும் உள்ளே பளிச்சென்று தெரிந்தன.

சம்சாரம் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். மெஷினைப் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரையும் அவர் காலடியில் கிடந்த மரப்பெட்டியையும் பார்த்தாள்.

"என்னங்க, போன காரியம் என்னாச்சு? கண்ணாடிய இன்னும் மாட்டலையா?" என்றாள்.