செவலைக்கு முதல் வாய்

ரோசம்மாளின் புருஷன் ஐப்பசி மழையில் முளைத்த ஏதோ ஒரு காளானைப் பறித்து வந்து தின்றான். மூன்றாம் நாள் செத்துப்போனான். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். முன்பின் பார்த்திராத பண்டம் எது வீட்டுக்குள் வந்தாலும் முதல் வாய் நாய் செவலைக்குத்தான். அது தின்று, ஒரு நாழிகை கழித்தும் வாலை ஆட்டினால்தான் பெண்பிள்ளைகள் இரண்டும் தொடலாம். அவளைக் குற்றம் சொல்லாதீர்கள். புருஷனைக் குழியில் வைத்துவிட்டு வந்தவளுக்கு நீங்களும் நானும் என்ன புத்தி சொல்லிவிட முடியும்? அவள் நடவுக்குப் போனால் பொழுதன்றைக்கும் பிள்ளைகளுக்குக் காவல் அந்தச் செவலைதான். அதன்மேல் அவளுக்கு உயிர். அந்த உயிரை வைத்துத்தான் சோதனை பார்க்கிறோம் என்பது மட்டும் அவள் புத்தியில் உறைக்கவேயில்லை.

அந்த வருஷம் கிறிஸ்து பிறந்த திருநாளுக்கு அண்ணன் சாமிக்கண்ணு கப்பலேறி வந்தான். சைகோனில் ஒரு பிரெஞ்சுத் துரை வீட்டில் அவனுக்குச் சமையல்கட்டு வேலை. தகரப்பெட்டியும் தலையுமாகப் பாகூர் ஏரிக்கரையில் அவன் நடந்து வந்த மிடுக்கைப் பார்க்க வேண்டுமே! கோயிலில் பூசை முடிந்ததும் பெட்டியைத் திறந்து, வெள்ளிக் காகிதம் சுற்றிய கறுப்புக் கட்டி ஒன்றைத் தங்கை கையில் வைத்தான்.

“இன்னாண்ணா இது, கரி மாதிரி கீது?”

“சொக்கலாடி, இங்கிலீசுக்காரங்க சாக்லேட்டும்பாங்க. தொரைங்க துன்றது. பசங்களுக்குக் குடு” என்று சொல்லிவிட்டுச் சேக்காளிகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டான்.

ரோசம்மாள் முகர்ந்து பார்த்தாள். கசப்பு வாடை. கொஞ்சமாகக் கொடுத்தால் விஷம் காட்டாது என்று நினைத்து, பாதிக் கட்டியை உடைத்துச் செவலைக்கு வைத்தாள். அது ஒரே மூச்சில் தின்றுவிட்டு இன்னும் கேட்டது. நாழிகை ஆயிற்று, வாலும் ஆடியது. மீதியைப் பிள்ளைகள் அடித்துப் பிடித்துத் தின்றன.

கறிச்சோறு தின்று எல்லோரும் சற்றுச் சாய்ந்திருந்த பிற்பகலில் செவலை நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்க ஆரம்பித்தது. ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் சுற்றிச் சுற்றி ஓடியது. பிறகு விழுந்து கால்களை வெட்டி வெட்டி இழுத்தது.

ரோசம்மாள் துள்ளி எழுந்தாள். “ஐயோ மாதாவே, பசங்களும் துன்னுச்சுங்களே!” பெரியவள் அமிர்தத்தைப் பிடித்து இழுத்துத் தொண்டைக்குள் விரலை விட்டாள். சின்னது அலறிக்கொண்டு ஓடியது. கூச்சல் கேட்டு வந்த சாமிக்கண்ணு விழுந்து விழுந்து சிரித்தான்.

“பைத்தியமாடி உனக்கு? பசங்களுக்கு ஒண்ணும் ஆவாது. நான் எத்தினி துன்னுருக்கேன்!”

“அப்ப செவல மட்டும் ஏன் சாவுது?”

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. “நாயிக்கா குடுத்த?”

“பாதி குடுத்தேன். அதுக்குக் குடுத்துப் பாத்துட்டுத்தானே பசங்களுக்கு...”

“அடிப்பாவி! நமக்குத்தாண்டி அது தித்திப்பு, நாயிக்கு நஞ்சு. போன பண்டிகைக்குத் தொரை வூட்டு நாயி மேசையில இருந்தத துன்னுட்டு என் கண்ணு முன்னாலயே செத்துச்சு. ஒரு வார்த்த சொல்லாம போயிட்டனே!”

பிள்ளைகள் பிழைத்த சந்தோஷம் அவளுக்கு ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. தரையில் விழுந்து செவலையின் தலையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். “நான் நம்பாததயெல்லாம் உன் வாயில போட்டனே! என் கையின்னுதானே துன்ன!” என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

செவலை இரண்டு முறை கறுப்பாகக் கக்கியது. அண்ணனும் தங்கையும் அதைப் புங்கமர நிழலில் கிடத்தி, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள். தெருவெல்லாம் பண்டிகைக் கும்மாளம். இந்த வீட்டில் விளக்கேற்றக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் வெயில் ஏறியபோது செவலை தள்ளாடி எழுந்து நின்றது. ரோசம்மாள் ஓடிப்போய்க் கஞ்சிச்சோற்றைக் கையில் அள்ளி வந்து நீட்டினாள். அது முகர்ந்தது. அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பிக்கொண்டது.

“வவுறு புண்ணாயிருக்கும், வுடு” என்றான் சாமிக்கண்ணு.

அவள் காதில் வாங்கவில்லை. செவலைக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்து, அந்தக் கஞ்சிச்சோற்றை அது பார்க்கத் தன் வாயில் போட்டு விழுங்கினாள். மறுபடி அள்ளி நீட்டினாள். செவலை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அப்புறம் அவள் கையில் வாய் வைத்தது.