ரேணு சொன்ன சொல்

பின்சீட்டுக்கு அடியில், டாங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பு கத்திக்கொண்டே வந்தது. நேற்றுச் சாயங்காலம் முனகலாகத் தொடங்கியது, இன்று காலையில் ஊளையாகிவிட்டது. நல்ல பம்பு ஓடினால் ஓட்டுகிறவனுக்கே கேட்காது. இது இன்ஜின் சத்தத்தையும் மீறிக்கொண்டு கேட்டது. அந்தச் சீட்டில்தான் ஆனந்தனின் மனைவி ரேணுகாதேவி, தன் அம்மா குப்பம்மாவின் மடியில் தலைவைத்துக் கிடந்தாள்.

நெல்லிவாசல் நாட்டு மலையூர்களில் அந்த வண்டியை எல்லாரும் ஜீப் என்பார்கள். உண்மையில் அது கீழே யாரோ ஓட்டி அலுத்துப்போய்த் தள்ளிவிட்ட பழைய பெட்ரோல் வண்டி. மலையில் நாலு சக்கரம் இருந்து ஆள் ஏற்றினால் ஜீப்தான், அதற்குமேல் ஆராய்ச்சி கிடையாது. பஸ் வராத நாளெல்லாம் ஆனந்தன் காட்டில் மழைதான். பம்பு முனகியபோது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். இப்போது அந்த ‘நாளைக்கு’ வந்து கழுத்தில் உட்கார்ந்திருந்தது.

விடிகிற நேரத்தில் ரேணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று ஆனந்தன் சீரகத்தண்ணி வைக்கப் போனான். குப்பம்மாதான் மகளின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இமை இரண்டும் பாதியில் தொங்கின. பாயை உதறியதும் சுவரோரமாகக் கட்டுவிரியன் நெளிந்து ஓடியது. அந்தப் பாம்பு கடித்தால் வலியே தெரியாது. இமையில் ஆரம்பித்து, நாக்குக்கு இறங்கி, கடைசியில் மூச்சில் கை வைக்கும். ஆம்புலன்ஸ் மலையேறி வருவதற்குள் என்ன ஆகுமோ, வாசலில் வண்டி நிற்கும்போது எதற்குக் காத்திருப்பது என்று அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அடிவாரத்து ஆசுபத்திரிக்குக் கிளம்பிவிட்டான்.

"மெ..." என்றாள் ரேணு. நாக்கு தடித்துப்போயிருந்தது. "மெ... வ்..."

"இன்னா சொல்றா அத்த?"

"மெள்ளப் போவச் சொல்றா மாப்ளே. குலுக்குது இல்ல, வலிக்குதுபோல."

ஆனந்தன் காலைத் தளர்த்தினான். ஒவ்வொரு பள்ளமாகப் பார்த்துப் பார்த்து இறக்கி ஏற்றினான். பம்பின் ஊளை மட்டும் குறையவில்லை. வழியில் நின்றுவிட்டால்? இந்த ரோட்டில் காலையில் காக்கா குருவிகூட வராது.

ரேணு மறுபடியும், "மெ... மெ..." என்றாள். கையை எப்படியோ தூக்கி வண்டியின் பக்கத்தகட்டில் தட்டினாள். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் தட்டினாள். கண்ணாடியில் அதைப் பார்த்த ஆனந்தனுக்கு வலிப்பு வந்துவிட்டது என்றுதான் தோன்றியது. பயம் உச்சிக்கு ஏறினால் அவனுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"மெள்ளப் போனா போய்ச் சேந்துருவடி! வாய மூடிகினு கெட!" என்று கத்திவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தான்.

அவள் அதற்குப் பிறகு பேசவில்லை. தட்டின கை சரிந்து விழுந்தது.

கடைசி ஏற்றம் வந்தது. அதைத் தாண்டிவிட்டால் ஆசுபத்திரிவரை இறக்கம்தான். பாதி ஏற்றத்தில் வண்டி இரண்டு தரம் குலுங்கி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினான். பம்பு வீறிட்டதே தவிர இன்ஜின் பிடிக்கவில்லை. செல்போனில் டவர் இல்லை.

பெட்ரோல் முள் அரை டாங்கு காட்டியது. அப்படியானால் பெட்ரோலில் தூசியா? மலைக்கடையில் கேனில் வாங்கி ஊற்றியதுதானே. வண்டிக்கு அடியில் புகுந்து, ஸ்பானரின் பிடியால் டாங்கை நாலு தட்டுத் தட்டினான். சிக்கின பம்பு சில சமயம் அதில் விட்டுவிடும். வெளியே வந்து சாவியைத் திருப்பினால் அதே வீறல்தான்.

"கண்ணே தொறக்கல மாப்ளே," என்றாள் குப்பம்மா.

ஆனந்தன் ரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அவ்ளோதான் அத்த. இவ பொழைக்க மாட்டா. நானே சாவடிச்சுட்டேன்."

"எழுந்துருடா!" என்றாள் குப்பம்மா. மாப்பிள்ளையை அவள் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

எழுந்தான். முள் பொய் சொல்கிறதோ, டாங்கு காலியோ, குச்சி விட்டுப் பார்த்துவிடலாம் என்று பக்கவாட்டில் இருந்த மூடியைத் திருகினான். மூடி வரவில்லை. யாரோ உள்ளே இருந்து இழுத்துப் பிடித்திருப்பது மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் முறுக்கினான். புஸ்ஸென்று டாங்கு காற்றை உள்ளே இழுத்தது. நெடுநேரம் இழுத்துக்கொண்டே இருந்தது.

மூடியைக் கையில் திருப்பிப் பார்த்தான். நடுவில் காற்றுப் போக இருக்கும் பொடி ஓட்டையை மஞ்சளாக ஏதோ அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டினான். தேன் வாசனை வந்தது. பானை விரிசலோ ஓட்டைத் தகரமோ, அவன் வீட்டில் எல்லாவற்றுக்கும் தேன்மெழுகுதான் வைத்தியம். வளைவுகளில் அந்த ஓட்டை வழியாக அடிக்கும் பெட்ரோல் நாற்றத்தில் ரேணு ஒவ்வொரு பயணத்திலும் வாந்தி எடுப்பாள். அவன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். நாற்றம் போகட்டும் என்று நேற்று அவள்தான் அப்பியிருக்கிறாள். டாங்கு மூச்சுவிட வழியில்லாமல் போய், பெட்ரோலை இழுக்க முடியாமல்தான் பம்பு கத்தியிருக்கிறது.

அவள் மெள்ள என்று சொல்லவே இல்லை. மெழுவு என்று சொல்லியிருக்கிறாள். தட்டினது இந்த மூடி இருந்த பக்கத்தை.

மெழுகை ரோட்டோர முள்செடியின் முள்ளால் குத்தி எடுத்து, மூடியை ஒப்புக்குப் பொருத்தினான். சாவியைத் திருப்பினான். மூன்றாவது முயற்சியில் வண்டி பிடித்துக்கொண்டது. ஏற்றம் ஏறி, இறக்கத்தில் விழுந்தது.

பம்பு வாயே திறக்கவில்லை. இத்தனை நேரம் அது ஓயாதா என்று துடித்தவனுக்கு, இப்போது வண்டிக்குள் இருந்த அமைதிதான் பெரிய பயமாக இருந்தது. "மூச்சு இருக்குதா அத்த?" என்று வளைவுக்கு வளைவு கேட்டான். குப்பம்மா மகளின் மூக்கில் விரல் வைத்தபடியே, "இருக்குது, போ... இருக்குது, போ..." என்றாள். கடைசி வளைவில் அவள் பதில் சொல்லவில்லை. ஆனந்தன் திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஆசுபத்திரி வாசல்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினான்.

உள்ளே கொண்டுபோனதும் தொண்டைக்குள் குழாய் விட்டார்கள், மருந்து ஏற்றினார்கள். வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார்.

"மெஷின்தான் இப்ப மூச்சு குடுக்குது. தானா மூச்சு விட நாளாகும், ஆனா பொழைச்சுக்குவாங்க. கொஞ்சம் தாமதமாயிருந்தா கஷ்டம்தான்."

குப்பம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். ஆனந்தன் டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"பக்கத்துல போய் நல்லதா நாலு வார்த்தை பேசுங்க," என்றார் அவர். "இந்தப் பாம்பு கடிச்சா கண்ணு தொறக்காது, பேச வராது. ஆனா நெனவு இருக்கும், காது கேக்கும். நீங்க வழியில பேசினதெல்லாம் அவங்களுக்குக் கேட்டிருக்கும்."

கும்பிட்ட கை அப்படியே நின்றது. வழியில் பேசினது ஒவ்வொன்றாக அவனுக்குத் திரும்பக் கேட்டது. வாயை மூடச் சொன்னதும், பிழைக்க மாட்டாள் என்றதும் தவிர, அவள் கேட்க ஒரு நல்ல சொல்லும் அவன் வாயிலிருந்து வரவில்லை.

கட்டிலருகே போய் நின்றான். குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உனுக்குக் காது கேட்டுது ரேணு. எனுக்குத்தான் கேக்கல."

அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அவன் கைக்குள் அவளுடைய சுண்டுவிரல் மட்டும் லேசாக மடங்கியது.