அலுமிதா சொன்ன காரணம்

விசாரணை அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் அலுமிதாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்காருவதும் எழுந்து நடப்பதுமாக இருந்தாள்.

ஜெர்மனியில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ முகாமில் அவள் கணவன் இலைதியா கார்ப்பரல். பிஜியிலிருந்து அவனோடு வந்த மனைவி என்பதால், சிப்பாய் இல்லாவிட்டாலும் ராணுவச் சட்டம் அவளையும் கட்டுப்படுத்தியது. கோடையில் குடும்ப விருந்தொன்றில் ஒருத்தி இவள் பிள்ளைகளைக் குரங்கென்று சொல்ல, அலுமிதா விட்ட அறையில் அவளுக்குப் பல் போனது. சிறைக்குப் பதிலாக, சனிக்கிழமைதோறும் முகாமில் கூலியில்லாமல் வேலை செய்யும்படி ராணுவ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒழுங்காகத்தான் போய் வந்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை போகவில்லை, எச்சரிக்கை வந்தது. அடுத்த வாரமும் போகவில்லை. அந்த வேலையை மேற்பார்க்கும் நன்னடத்தை அதிகாரி ஜில்லியன் நீதிமன்றத்துக்குத் தெரிவித்துவிட்டாள்.

"உட்காரு. நீ நடக்கிற நடைக்குத் தரை தேஞ்சிடும்," என்றான் இலைதியா.

"உள்ள போட்டுடுவாங்களா?"

"போட்டா போடட்டும். நீ சமைக்கிற மீனுக்கு அங்க சாப்பாடு தேவலாம்." சொன்னவனுக்கே சிரிப்பு வரவில்லை. "நான் பயிற்சிக்குப் போயிருந்த நேரத்துல அப்படி என்ன வேலை உனக்கு? எங்கிட்டகூட சொல்ல மாட்டேங்கிறியே."

"வாக்குக் குடுத்திருக்கேன், இலை. கேக்காத."

வாக்கு, பக்கத்து வீட்டு கிர்ஸ்டிக்குக் கொடுத்தது. கிர்ஸ்டியின் கணவன் சார்ஜென்ட். தொலைவில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவான். வந்தால் அடிப்பான். 'நீ கூட இருந்தா அவர் கை ஓங்க மாட்டார். வெளிய சொல்லிடாத, அவர் வேலையும் போயிடும், வீடும் போயிடும்' என்று அழுதாள். இரண்டு சனிக்கிழமையும் அலுமிதா அவள் வீட்டுச் சமையலறையில் மலைபோல உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே அழைத்தார்கள். தண்டனையை மீறியதாகக் குற்றச்சாட்டை எழுத்தர் வாசித்தார். ராணுவ நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாக விளக்கினார்.

"திருமதி நைவாலு, வராததுக்கு நியாயமான காரணம் இருந்தா அது மீறலே இல்லை. இல்லைன்னா அபராதம் போடலாம், வேலையைக் கூட்டலாம். இந்தத் தண்டனையையே ரத்து பண்ணிட்டு, பழைய குற்றத்துக்குப் புதுசா சிறையும் குடுக்கலாம். காரணம் ஏதாவது உண்டா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். காலையில் பார்த்தது கண்ணில் நின்றது: சார்ஜென்டின் கார் வாரநாளிலேயே வாசலில் நின்றிருந்தது. அவனை இந்த முகாமுக்கே மாற்றிவிட்டார்களாம். இனி தினமும் வீட்டில் இருப்பான். தான் சிறைக்குப் போனால் அந்தச் சமையலறையில் யார் உட்காருவார்கள்? இது கிர்ஸ்டிக்காக வந்த நினைப்பா, தன்னைக் காத்துக்கொள்ள மனசு கட்டுகிற சாக்கா என்று அவளுக்கே புரியவில்லை.

"இருக்குதுங்க ஐயா. ஆனா எல்லாரும் இருக்கிறப்ப சொல்ல முடியாது."

நீதிபதி, ஜில்லியனைத் தவிர மற்றவர்களை வெளியேறச் சொன்னார். இலைதியாவும் போக வேண்டியிருந்தது. அலுமிதா சொல்லி முடித்தபோது ஜில்லியனின் முகம் வெளுத்திருந்தது. அவள் அனுமதி கேட்டு வெளியே ஓடி ராணுவக் காவலரை அழைத்தாள்.

"உங்க காரணத்தை ஏத்துக்கறேன்," என்றார் நீதிபதி. "மீறல் இல்லை. விட்டுப்போன ரெண்டு நாளையும் சேத்து செஞ்சு முடிங்க. ஆனா நன்னடத்தை அதிகாரிக்கு ஒரு போன் பண்ணியிருந்தா நீங்க இங்க வந்து நின்னிருக்கவே வேண்டாம்."

வீட்டுக்குத் திரும்பியபோது தெருவில் காவல் வண்டி நின்றது. சார்ஜென்டை முன்னமே கொண்டுபோயிருந்தார்கள். கிர்ஸ்டி ஒரு பையோடு இன்னொரு காரில் ஏறிக்கொண்டிருந்தாள். கழுத்தில் புதிய சிவப்புத் தடம்.

அலுமிதா வேகமாக அருகே போனாள். "கிர்ஸ்டி..."

"சொல்ல மாட்டேன்னியே," என்றாள் கிர்ஸ்டி. "உன்னை நம்பினேன் பாரு." கதவைச் சாத்திக்கொண்டாள்.

கார் திருப்பத்தில் மறையும்வரை அலுமிதா அங்கேயே நின்றாள். இலைதியா வந்து தோளைத் தொட்டான்.

"கோபத்துல பேசுது. நாளைக்கே புரிஞ்சுக்கும்."

"புரியாட்டியும் போகுது," என்றாள். "உசிரோட இருந்து என்னைத் திட்டட்டும்." உள்ளே போக மனமில்லாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.