பிரின்சிபாலுக்குச் சொல்லாத பதில்

"கும்புடுறேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா கொறஞ்சா போயிருவ?" சேனாதிபதி இட்லித் தட்டைத் தள்ளிவிட்டான். "வெளக்கேத்தாம பச்சத் தண்ணி பல்லுல படவிடமாட்ட. அத அந்தப் பிரின்சிபாலுகிட்டச் சொல்றதுக்கு என்ன நோவு?"

"சொல்லமாட்டேங்க," என்றாள் சௌம்யா.

"ஜூன்ல வேலைய நெரந்தரம் பண்ணப்போறாங்க. இப்பப் போயி வீம்பு பிடிக்கிற."

வீம்புதான், இருக்கட்டும். அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் கணவனுக்கு அதை எப்படி விளக்குவது என்று தெரியாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பழனியில் ஒரு தனியார் கல்லூரியில் அவள் தாவரவியல் நடத்துகிறாள். போன வாரம் ஒரு மாணவன் எழுந்து, "மேம், உங்களுக்குச் சாமி நம்பிக்கை இருக்கா? நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டான். "அதெல்லாம் என் வீட்டுச் சோலிப்பா. நீ பாடத்தப் பாரு" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. அந்தக் கல்லூரியில் ஒருவர் கருத்துச் சொல்லாமல் இருந்தது அதுவே முதல் தடவை போலும், பிரின்சிபால் காதுக்குப் போய்க் குற்றமாகிவிட்டது.

கருத்து வேண்டுமென்றால் பிரின்சிபால் ராஜமுருகனிடம் அல்லவா கேட்க வேண்டும்! காலை வணக்கத்தில் ஐந்து நிமிடம் என்று மைக்கைப் பிடிப்பார். முதல் வகுப்பு மணி அடித்தாலும் விடமாட்டார். சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி நெற்றி நிறைய விபூதி, இடுப்பில் கட்சிக்கரை வேட்டி. விபூதி மாறாது, கரை மட்டும் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். அடுத்த தேர்தலில் சீட்டு வாங்கிவிட வேண்டுமென்ற அரிப்பு. "நான் எதையும் யார் மேலயும் திணிக்கிறதில்ல" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வார். அவர் கூட்டிய பாதயாத்திரைக்கு வராத பிள்ளைகளின் இன்டர்னல் மார்க் மட்டும் எப்படியோ படுத்துவிடும். தூ!

பெரும்பாறை காப்பித் தோட்டத்திலிருந்து படிக்க வரும் அருள்மேரியைச் சௌம்யா ஒருநாள் கேட்டில் பார்த்தாள். சிலுவைச் சங்கிலியைச் சுடிதாருக்குள் தள்ளிவிட்டு, பொட்டலத்திலிருந்து விபூதி எடுத்துப் பூசிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடி இது?"

"மார்க்குக்குத்தான் மேம். பஸ்ஸு ஏறுனதும் அழிச்சுருவேன்."

சௌம்யா உருகி உருகிக் கும்பிடுகிற முருகனைக் கொண்டுவந்து கேட்டில் வாட்ச்மேன் வேலைக்கு வைத்திருக்கிறானே, பாவி! அன்றைக்கு முடிவு செய்தாள், வகுப்பில் தன் சாமியைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று.

இன்று காலை வணக்கத்தில் அவளை மேடைக்குக் கூப்பிட்டார் பிரின்சிபால்.

"நம்ம மேடம் மேல ஒரு சந்தேகம் வந்திருக்கு. பிள்ளைங்க முன்னாடி தெளிவுபடுத்திட்டா நல்லது. நம்பிக்கை உண்டா இல்லையா? ஒத்த வார்த்த போதும்."

ஒற்றை வார்த்தைதான், அதுவும் உண்மையான வார்த்தை. சொன்னால் ஜூனில் வேலை நிரந்தரம். முன்வரிசையில் அருள்மேரி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். சௌம்யா மைக்கை வாங்கினாள்.

"இவங்க மார்க்கு என் கையில இருக்கு சார். நான் இந்தச் சாமின்னு சொன்னா, நாளைக்கு இத்தன பேரும் அந்தச் சாமியோட வந்து நிப்பாங்க. அது பக்தி இல்லைங்க, பயம். அதனால சொல்லமாட்டேன்."

பின்வரிசையில் யாரோ கைதட்டி, பயந்து நிறுத்திக்கொண்டார்கள்.

ராஜமுருகன் மைக்கைப் பிடுங்கினார். "பாத்தீங்களா! வளாகத்துல அரசியல் பேசுறாங்க. மதத்தப் பேசுறாங்க. இதுக்கெல்லாம் இங்க எடமில்ல!" என்று கத்திவிட்டு, அதே மூச்சில், சாயங்காலம் கட்சிக் கூட்டத்துக்கு பஸ் தயாராக நிற்கிறது, ஒருத்தர் விடாமல் ஏறிவிட வேண்டும் என்றார். மதியத்துக்குள் சௌம்யாவை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். காரணம்: மாணவர்களிடையே மத, அரசியல் கருத்துகளைப் பரப்பியது.

அன்று இரவு சேனாதிபதி சோற்றுத் தட்டையும் தள்ளிவிட்டான்.

மறுநாள் கல்லூரிக்கு ஓட வேண்டிய அவசரம் இல்லை. குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, வெறுங்காலோடு மலை ஏறினாள். பாதிப் படியில் கூட்டம் நின்றது. கட்சிக்காரர்கள் புடைசூழ ராஜமுருகன் கைகூப்பி நிற்க, ஒருவன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கூப்பிய கை தளர்ந்தது.

"என்னம்மா, நீ... கும்புடுற ஆளா? நேத்தே சொல்லியிருந்தா வேல போயிருக்காதேம்மா!"

"நேத்து கேட்டது உங்க நாற்காலிங்க சார். அதுக்குச் சொல்ல எங்கிட்டப் பதில் இல்ல."

வழிவிடச் சொல்லிவிட்டு மேலே ஏறினாள்.

"சார், மூஞ்சில பக்தி வரல. இன்னொருக்கா கும்புடுங்க," என்றான் படம் எடுப்பவன்.

ராஜமுருகன் மறுபடியும் கும்பிட்டார்.