இருபத்துமூன்று கிலோ வரைக்கும்

ஒரு பெண்குழந்தை வளர்வதற்கு விலை மாதம் நாலாயிரம். பேரம் பேசி அதை முடித்தவர் அவளைப் பெற்ற அப்பாவேதான். பழைய இரும்பு வியாபாரி, எடை போடாமல் எதையும் கடைக்குள் விடாதவர்.

எட்டு வயது மகளை எந்த வகை ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்ப்பது என்று விசாரிக்கத்தான் மூவரும் போயிருந்தார்கள். கூடத்தின் ஒரு மூலையில் கம்பிகள். இன்னொன்றில் ரிப்பன், பந்து, வளையம். மூன்றாவதில் கருவி என்று ஒன்றும் கிடையாது. பெரிய பெண்கள் இரண்டு பேர் கைகோத்து நின்றார்கள். அவர்கள் தலைக்கு மேலே இடம் காலியாக இருந்தது.

"ரிப்பன் போதுங்க. விழுந்தாலும் துணிதான் விழும்," என்றாள் அம்மா.

"எது எவ்வளவு?" என்றார் அப்பா.

"எல்லாம் மாசம் நாலாயிரம்," என்ற கோச், மகளின் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்பா, இந்த மெஷின்ல ஏறு."

இருபத்தொரு கிலோ.

"இவங்க ரெண்டு பேர் மேல நிக்க ஒரு ஆள் வேணும் சார். அதுல சேர்த்தா ஃபீஸே வேணாம்."

இலவசம் என்றால் திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து வாங்குகிறவர் அப்பா. "முன்னாடி நின்ன பொண்ணு எங்க?"

கோச் பெஞ்சைக் காட்டினார். நெடுநெடுவென்று ஒருத்தி, மற்றவர்களின் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"வளந்துட்டா," என்றார், நோயின் பெயரைச் சொல்வதுபோல. "இருபத்திரண்டு தாண்டினா ஃபீஸ் கட்டணும்."

"இருபத்தஞ்சா வைங்க."

"தூக்கறது இவங்க சார், நான் இல்ல."

"சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம். இருபத்துமூணு."

கடையில் பேரம் என்றால் தராசுக்குக்கூடக் கேட்காத குரலில் பேசுகிறவர். அன்று மகள் இருவருக்கும் நடுவில் நின்றிருந்தாள். சரக்குக்குக் காது இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அதுவரை அவர் வாங்கி விற்றதெல்லாம் இரும்பு.

"பொண்ண எடைக்குப் போட்டுட்டு வர்றீங்க," என்றாள் அம்மா வழியில்.

"மிச்சம் பிடிச்சுட்டு வர்றேன்டி."

மகள் மேலே போனாள். எறிந்தார்கள், பிடித்தார்கள். அப்பா வாய் கொள்ளாமல் சிரித்தார். மூன்றாம் மாதம் மெஷின் இருபத்திரண்டே முக்கால் காட்டியது. கோச் அதை நோட்டில் குறித்துக்கொண்டார். பெரிய பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் மதியம் தட்டு அப்படியே இருந்தது.

"பசிக்கல."

"காலைலயும் இதையேதான் சொன்ன," என்றாள் அம்மா. "நேத்தும்."

அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். "கண்ணு, ஃபீஸ் நான் கட்டிடறேன். ரிப்பனுக்கே மாத்திடலாம். நீ சாப்பிடு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கடையில் அவர் வாடிக்கையாளரைப் பார்க்கிற அதே பார்வை.

"எதுக்குப்பா வீணா நாலாயிரம்? நான் சமாளிச்சுக்கறேன்."

அவர் ஒரு கவளம் எடுத்து நீட்டினார். மகள் வாய் திறக்கவில்லை. இரண்டாயிரம் தருகிறேன் என்றார், விளையாட்டாக. அவள் சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள், விலை படியாதவள் மாதிரி.

சனிக்கிழமை மெஷினில் ஏறியபோது இருபத்தொன்றரை. கோச் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மூன்று மாதக் கணக்கில் வரவு பன்னிரண்டாயிரம். பற்று ஒன்றேகால் கிலோ, இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.